படிக்க விட்ட பிள்ளை

வில்
சுவிட்சர்லாந்து
27 ஆகஸ்ட் 2023

அன்பின் அக்காவுக்கு,

மடு மாதாவின் கிருபையில் நாங்கள் மூவரும் சுகம். மூவர் என்று எழுதும்போது கை ஒருமுறை நின்றுவிட்டது. நால்வர் என்று எழுதித்தான் பழக்கம். நீங்கள், அத்தான், பிள்ளை எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று அத்தான் சிரிப்பார். நான் தொழிற்சாலையால் வரும் நேரம் நீங்கள் கந்தோர் துடைக்கப் போகிறீர்கள். மிச்ச நேரம் உங்கள் போன், உங்களோடு நிற்கிற என் ரிஷானியின் கையில். பிள்ளையைப் பற்றிப் பிள்ளைக்கு முன்னால் என்னத்தைக் கதைக்கிறது? அவளுக்குக் கையெழுத்துத் தமிழ் வாசிக்க வராது. அதுதான் இந்த வழி.

வில் நல்ல ஊர்தான், குறை சொல்ல இல்லை. இவர் றஜீவனுக்குப் பண்டகசாலையில் வேலை கிடைத்துவிட்டது. எனக்குப் போத்தல் மூடி அச்சடிக்கிற இடத்தில் காலை, பின்னேரம், இரவு என்று மாறி மாறி மூன்று முறை வேலை. சின்னவன் ஆருஷ் பாலர் வகுப்புக்குப் போகிறான். ஆனாலும் காலையில் கண் விழித்தால் சூரிச்சில் பழைய வீட்டில் ரயில் போகிற சத்தத்தைத் தேடுகிறேன். எங்கள் கட்டிடத்தை வாங்கிய கம்பனி, முழுவதும் திருத்தப் போகிறோம், வீட்டை விடுங்கள் என்று எல்லாருக்கும் ஒரே நாளில் கடிதம் போட்டதே, அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. இரத்தினம்மா அன்ரி டீட்டிகோனுக்கு, போத்துக்கீசக் குடும்பம் தங்கள் நாட்டுக்கு, நாங்கள் இங்கே. திருத்தி முடிந்தால் திரும்பி வரலாமாம். அந்த வாடகைக்கு நாங்கள் திரும்பி வந்த மாதிரித்தான்.

நீங்கள் கூட்டுறவு வீட்டில் இருந்தபடியால் தப்பினீர்கள். அந்தப் புண்ணியத்தில் என் பிள்ளையும் தப்பினாள். கிழமை நாளில் பிள்ளை எங்கே படுக்கிறதோ அங்கேதான் பள்ளிக்கூடம் என்று பள்ளிக்கூடக் கந்தோரில் சொன்னதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. உங்கள் அபிசன் படித்து யூனிவர்சிட்டிக்குப் போன பள்ளிக்கூடம் அது. இந்த ஆறாம் வகுப்பில் சோதனை எழுதி, இவளும் யூனிவர்சிட்டிக்கு வழிவிடுகிற கிம்னாசியத்துக்குப் போகவேண்டும். என்னையும் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சின்னம்மா வீட்டில் விட்டுத்தானே படிப்பித்தார்கள். ரிஷானிக்கும் 'பெரியம்மாவோட இருந்து படிக்கப் போறீங்கள்' என்று மட்டும் சொன்னோம். எங்கள் சனத்துக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அவளும் அழவில்லை. கெட்டிக்காரி.

பள்ளிக்கூட விஷயம் எல்லாவற்றுக்கும் நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்று நாங்கள் எழுதித் தந்த கடதாசி பத்திரம். பெரியம்மா போட்டால் என்ன, தாய் போட்டால் என்ன.

உங்கள் அன்புத் தங்கை
ஜெசிந்தா


சூரிச்
17 செப்டெம்பர் 2023

அன்புத் தங்கச்சி ஜெசிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் இங்கே நல்ல சுகம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நானும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அத்தான் இன்டர்லாக்கனில் அதே ஹோட்டல் குசினிதான். கிழமையில் இரண்டு நாள் வந்து படுத்துவிட்டுப் போகிறார்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. அபிசன் காலத்தில் மழைக்கு வாளி வைத்த மண்டபம் இப்போது மரத்தால் இழைத்த நூலகம். அப்போது இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டால் சுவிஸ்காரர் வீடு மாறிப் போவார்கள். இப்போது இதற்காகவே வீடு தேடி வருகிறார்கள். முன்னால் பெட்டி பூட்டின சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிவந்து இறக்குகிற அழகைப் பார்க்கவேண்டும். நாங்கள் தேய்த்துக் கழுவி வைத்த சட்டியில் அவர்கள் சமைக்கிறார்கள். சமைக்கட்டும்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். அந்தச் சின்னக் கதிரையில் இருந்தால் பிறகு எழும்ப ஆள் பிடிக்கவேண்டும். ஒரு மனுசி என்னிடம் வந்து, நீங்கள் எந்தக் குடும்பத்தின் பிள்ளையைச் சம்பளத்துக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். "என்ர குடும்பத்தின்ர பிள்ளையை" என்றேன். சிவந்துபோனாள். நல்லவள்தான், பிறகு எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள்.

அபிசனின் வகுப்புப் படம் சுவரில் இருக்கிறது. அதில் சுவிஸ்காரப் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இந்த வருட வகுப்பில் எங்கள் நிறத்தில் ரிஷானி ஒருத்திதான். போன வருடம் வரை இருந்த எரித்திரியப் பிள்ளையும் உங்களைப் போலவே வீடு மாறிப் போய்விட்டது. வகுப்பு ஆசிரியையும் புதிது. இளம் பெட்டை, மிருதுவாகக் கதைக்கிறாள்.

பிள்ளை சாப்பிடுகிறாள், படிக்கிறாள். நீ ஒன்றுக்கும் யோசியாதே. அபிசனின் அறையை அவளுக்கு வடிவாக ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்
அக்கா அருள்மலர்


வில்
15 ஒக்டோபர் 2023

அன்பின் அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். ஆனால் உண்மையாகவே ஆவலாகத்தான் இருக்கிறது.

ரிஷானி இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிறாள், வந்தால் படுக்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். வயது அப்படி என்கிறார் றஜீவன். இருக்கலாம். கணக்குச் சோதனை எப்படி என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றாள். அக்கா, போன வருடம் வரை கணக்கில் ஆறுக்கு ஐந்தரை குறையாமல் எடுத்த பிள்ளை. இந்தப் 'பரவாயில்லை' எத்தனை புள்ளி என்று நீங்கள்தான் எழுதவேண்டும்.

கிம்னாசியச் சோதனைக்கு மற்றப் பிள்ளைகள் தனியாகப் படிக்கப் போவார்களே, அவளையும் சேருங்கள். கிம்னாசியம் கிடைக்காவிட்டாலும் அதற்கு அடுத்த படியான செக் ஏ-யில் இருந்து இறங்கக் கூடாது. அதற்கும் கீழே செக் பி-க்குப் போன எங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று நான் சொல்லியா தெரியவேண்டும்? நானும் நீங்களும் துடைக்கிறோம், அடுக்குகிறோம். அவள் இதற்குள் வரக்கூடாது.

றஜீவன் நேற்று ஒரு கதை தொடங்கினார். இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்குத்தானே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவோமா என்று. "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாய்ப் போகப்போகுது" என்றார். நான் சத்தம் போட்டுவிட்டேன். கெட்ட பள்ளிக்கூடமாக இருந்த காலம் முழுக்க நாங்கள் அங்கே இருந்தோம். நல்லதாக வந்ததும் நாங்கள் வெளியே போகவேண்டுமா? என் பிள்ளை ஒருத்தியாவது அதில் இருக்கட்டும். இது வீம்பு என்றால் வீம்புதான்.

கருவாட்டுச் சம்பல் அனுப்பியிருக்கிறேன். பிள்ளையின் பையில் வைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். புத்தகம் மணக்கும்.

அன்புத் தங்கை
ஜெசிந்தா


சூரிச்
19 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. தடிமன் பிடித்து ஒரு கிழமை படுக்கை. ரிஷானிதான் மல்லித்தண்ணி வைத்துத் தந்தாள். இந்த வயதில் எந்தப் பிள்ளைக்கு இது வரும்? என் வயிற்றில் ஒரு பெண் பிள்ளை பிறக்கவில்லையே என்று இருந்த குறை எனக்கு அந்த ஒரு கிழமையில் தீர்ந்துபோனது.

சம்பல் முடிந்துவிட்டது. நானும் அவளும் புட்டோடு சாப்பிட்டோம். அவளுக்கு இப்போது புட்டு அவிக்கத் தெரியும், மாப் பதம் பிடிபட்டுவிட்டது. சித்திரத்தில் ஆறு வாங்கினாள். தையலிலும் அப்படித்தான், ஒரு பை தைத்து எனக்குத் தந்தாள். கடைக்கு அதைத்தான் கொண்டு போகிறேன்.

ஆசிரியை ஒருநாள் கூப்பிட்டுக் கதைத்தாள். நல்ல மனுசி. பிள்ளை எப்போது வந்தாள், எவ்வளவு காலம் என்னோடு இருப்பாள் என்று விசாரித்தாள். நான் பெரியம்மா, எங்கள் வழக்கத்தில் பெரியம்மாவும் தாய்தான் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டு, என் கையைப் பிடித்து, நீங்கள் பெரிய வேலை செய்கிறீர்கள் என்றாள். இருபத்தைந்து வருடத்தில் இந்த நாட்டில் ஒருவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை ஜெசி. வீட்டுக்கு வரும் வழியில் கண் கலங்கிவிட்டது.

தனி வகுப்பைப் பற்றிக் கேட்டாய். யோசிக்கலாம். பிள்ளைக்கு இப்போதே களைப்பாக இருக்கிறது.

அபிசன் லொசானில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படம் அனுப்புவான், மலை அல்லது சாப்பாடு. அவ்வளவுதான். இந்த வீட்டில் இப்போது ஒரு சத்தம் இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்
அக்கா


வில்
4 ஜனவரி 2024

அன்பின் அக்காவுக்கு,

புது வருட வாழ்த்து. பாலன் பிறப்புக்கு நீங்களும் அத்தானும் வந்து போனது வீடு நிறைந்த மாதிரி இருந்தது. போன பிறகு ஆருஷுக்குக் காய்ச்சல், இப்போது சுகம். உங்கள் பக்கம் எப்படி?

ஒரு சின்ன விஷயம். நத்தார் அன்று நான் குசினியில் இருந்து ஆருஷைக் கூப்பிட்டேன். அவன் கேட்காமல் விளையாடிக்கொண்டிருந்தான். அப்போது ரிஷானி அவனிடம், "உன்ர அம்மா கூப்பிடுறா, போ" என்றாள். றஜீவன் சிரித்தார், நானும் சிரித்தேன். பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனாலும் பாத்திரம் கழுவும்போது அது திரும்பத் திரும்ப வந்தது. எல்லாம் இந்தப் பரீட்சை முடியும் மட்டும்தான், பிறகு சரியாகிவிடும்.

புள்ளிகளைப் பற்றி நீங்கள் இன்னும் எழுதவில்லை. சித்திரத்துக்கும் தையலுக்கும் கிம்னாசியத்தில் இடம் தரமாட்டார்கள் அக்கா.

சோதனைக்குப் பதிவதற்குப் பெப்ரவரி பத்தாம் திகதியோடு முடிகிறது என்று இங்கே தேவாலயத்தில் சிவகலா சொன்னா. அவவின் மூத்தவள் சூரிச்சில்தான் படித்தவள். மறந்துவிடாதீர்கள். பள்ளிக்கூடச் செய்தியெல்லாம் உங்கள் போனுக்குத்தான் வருகிறது. சோதனை நாளில் லீவு எடுத்து ஐன்ஸீடலனுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிறேன். நேர்த்தி வைத்தாயிற்று.

அன்புத் தங்கை
ஜெசிந்தா


சூரிச்
18 பெப்ரவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஆருஷுக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே, இந்தக் குளிர் பொல்லாதது.

ஆசிரியையோடு பெரிய சந்திப்பு முடிந்தது. ஒரு மணித்தியாலம் இருத்திக் கதைத்தாள். பிள்ளையும் பக்கத்தில் இருந்தாள். அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அமைதி, ஒழுங்கு, மற்றவர்களுக்கு உதவுகிற குணம் என்று மெச்சினாள். போடவேண்டிய கையெழுத்தைப் போட்டாச்சு. நீ இனி அதைப் போட்டுக் குழப்பாதே.

கூட்டுறவுக் கட்டிடத்தில் எங்கள் படிக்கட்டுக்குப் புதிதாக இரண்டு குடும்பம் வந்திருக்கிறது. ஒன்று ஜெர்மன்காரர், ஒன்று பாஸல் பக்கம். இருவரும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள், பெயர் மட்டும் கேட்கவில்லை.

உங்கள் பழைய கட்டிடத்துக்குக் கண்ணாடி பூட்டுகிறார்கள். நான் அந்த வழியாகப் போவதில்லை.

இரண்டு கிழமைக்குப் பிள்ளையை அங்கே அனுப்பவில்லை என்று கோபிக்காதே. அவளே இங்கே நிற்கிறேன் என்றாள்.

அன்புடன்
அக்கா


வில்
10 மார்ச் 2024

அன்பின் அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

சோதனை நாள் ஐன்ஸீடலனுக்குப் போய்வந்தேன். எங்கள் சனம் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு அம்மா யாருக்காக என்று கேட்டா. மகள் இப்போது சோதனை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவவும் எனக்காகச் சேர்ந்து செபித்தா. பெரிய மெழுகுதிரி கொளுத்தினேன். மனம் நிறைந்து வந்தது.

அன்று மூன்று முறை போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பின்னேரம் ரிஷானி "நல்லம்" என்று ஒரு சொல் அனுப்பினாள். கணக்கு எப்படி, கட்டுரைக்கு என்ன தலைப்பு, ஒன்றும் இல்லை. பிள்ளை களைத்திருப்பாள், விட்டுவிட்டேன். நீங்களாவது விபரமாக எழுதுங்கள். பெறுபேறு எப்போது?

அன்புத் தங்கை
ஜெசிந்தா


வில்
3 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

சுகம் கேட்டுத் தொடங்க என்னால் முடியவில்லை.

மார்ச்சில் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. ஏன் என்று இப்போது தெரியும். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, சோதனைப் பெறுபேறு வந்துவிட்டதா என்று ரிஷானியைக் கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சோதினை எழுதேல்லையே. பெரியம்மா சொல்லேல்லையோ?" என்றாள். செக் பி என்று பெப்ரவரியிலேயே முடிவாம். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களாம். நான் மெழுகுதிரியோடு நின்ற நேரம் அவள் வகுப்பில் படம் கீறிக்கொண்டிருந்திருக்கிறாள். சோதனைக்குப் போகாத பிள்ளைகள் மிகக் கொஞ்சம் பேராம்.

செவ்வாய்க்கிழமை நானே ஆசிரியைக்குப் போன் எடுத்தேன். ரிஷானியின் அம்மா கதைக்கிறேன் என்றேன். அவள் மெதுவாக, "பெத்த அம்மாவோ? நீங்கள் தொடர்பு எடுத்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை அக்கா. என் ஜெர்மன் பிழையாக்கும் என்று திரும்பக் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். பிள்ளை 'ப்ஃளேககின்ட்' தானே, வளர்க்கக் கொடுத்த பிள்ளைதானே என்று. ஏற்கனவே ஒரு வீட்டை இழந்த பிள்ளைக்குச் சோதனைப் பாரமும் தோல்வியும் ஏற்றக்கூடாது என்று நினைத்தாளாம். கையால் செய்கிற வேலை வருகிறது, பொறுமை இருக்கிறது, வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு மிகப் பொருத்தம் என்றாள். பன்னிரண்டு வயது இன்னும் முடியவில்லை, யாருடைய கிழவர்களைத் துடைப்பாள் என்று முடிவாகிவிட்டது. வளர்ப்புத் தாயும் அதையேதான் விரும்பினா என்றாள். அது நீங்கள்.

நான் அவளிடம் கத்தவில்லை. கெட்டவளாக இருந்தால் கத்தியிருப்பேன். நாங்கள் பிள்ளையைக் கொடுக்கவில்லை, படிக்க விட்டோம் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உண்மையாகவே கேட்டாள்.

போனை வைத்துவிட்டு ரிஷானியைக் கேட்டேன். "ரீச்சர் அப்பிடி நினைச்சா நீ இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?" குரல் உயர்ந்துவிட்டது. அவள் குரல் உயரவில்லை. "நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றாள். "எல்லாரும் வீடு மாறினவை. இரத்தினம்மா அன்ரி பூனையையும் கொண்டுதானே போனவ. நீங்கள் தம்பியைக் கொண்டு போனீங்கள். பெரியம்மாவுக்குப் பெம்பிளைப் பிள்ளை இல்லையெண்டு என்னைக் குடுத்தனீங்கள்."

அவள் இனி அங்கே வரமாட்டாள். மிச்ச உடுப்பை அத்தானிடம் கொடுத்து விடுங்கள்.

அந்த மனுசி பிழையாக நினைத்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஜெசிந்தா


சூரிச்
21 ஏப்ரல் 2024

என் தங்கச்சிக்கு,

நீ கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன், எல்லோரும் சுகமா? பிள்ளை சாப்பிடுகிறாளா?

தெரியும். நவம்பரிலேயே தெரியும். என் கையைப் பிடித்து மெச்சினாளே, அப்போதே விளங்கிவிட்டது. திருத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் என்னைத் தாய் என்று பார்த்தாள். நான் அப்படியே இருந்துவிட்டேன். நீ என்னை என்ன பேச்சுப் பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் நீயும் கேட்கவேண்டும். அந்த வகுப்பில் உன் பிள்ளை எப்படி இருந்தாள் என்று ஒருநாளாவது கண்டாயா? குழுவாகப் பிரியச் சொன்னால் மிஞ்சி நிற்பவள் அவள். பிறந்தநாள் அழைப்பு என்று ஒரு துண்டுக் கடதாசி அந்த வீட்டுக்கு வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தனி வாத்தியார். தாய் தகப்பன் இரவில் இருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன், புட்டு அவிக்கத்தானே தெரியும். கணக்கில் நாலு, நாலேகால் என்று வரத் தொடங்கியது. உனக்கு எழுதப் பேனையை எடுத்துவிட்டு வைத்தேன். எழுதினால் அடுத்த ரயிலில் வந்து கூட்டிக்கொண்டு போவாய்.

ஓம், அதுதான் காரணம். வாசலில் ஒரு பிள்ளையின் சப்பாத்து இருந்தது. அது போய்விடும் என்று பயந்தேன். சோதனைக்கு விட்டால் தோற்பாள், தோற்றால் நீ கூப்பிடுவாய். செக் பி என்றால் இதே கட்டிடத்தில், என்னோடு இன்னும் மூன்று வருடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தேன் ஜெசி.

அபிசனுக்கு இதே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, உண்மை. அப்போது எல்லாரும் எங்களைப் போல. யாராவது ஒருவரை மேலே ஏற்றவேண்டும் என்று அந்தக் கிழட்டு வாத்தியார் அவனைப் பிடித்துக்கொண்டார். இப்போது மேலே நிற்க ஆள் நிறைய. நீ சுவரைப் பார்த்துப் பிள்ளையை விட்டாய். உள்ளே இருப்பது யார் என்று நீயும் பார்க்கவில்லை. உனக்கும் அதில் பங்கு இருக்கிறது, நான் தனியே சுமக்க மாட்டேன்.

ஆறாம் வகுப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும் பிள்ளையை அனுப்பு. உடுப்பு ஒன்றையும் நான் எடுக்கவில்லை. எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கிறது.

உன் அக்கா


வில்
25 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

ஏப்ரலில் இருந்து நீங்கள் போட்ட மூன்று கடிதங்களும் கிடைத்தன. அத்தான் உடுப்பைக் கொண்டுவந்து தந்தார். அவர் வாசலில் நின்று அழுததை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். நாங்கள் உடம்பால் சுகம்.

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை. ஏதாவது சரிவந்தால் எழுதலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவுக்கு எதிராகச் சொல்வதற்கு நாள் போய்விட்டது என்றார்கள். கையெழுத்துப் போட அதிகாரம் நாங்கள்தானே எழுதிக் கொடுத்தோம். இங்கேயும் பழைய பள்ளிக்கூடம் எழுதி அனுப்பியதைத்தான் பார்த்தார்கள். ரிஷானியைச் செக் பி மாதிரிக் கீழ்ப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். கெட்டித்தனம் தெரிந்தால் அரை வருடத்தில் மேலே மாற்றலாமாம். அப்படி எத்தனை பேரை மாற்றினார்கள் என்று சிவகலாவைக் கேட்டேன். அவ தேத்தண்ணி ஊற்றப் போனா.

பங்கு இருக்கிறது என்று எழுதினீர்கள். இருக்கிறது. அந்த வீம்பு என்னுடையது. றஜீவன் சொன்ன அன்று கூட்டிக்கொண்டு வந்திருந்தால் இங்கே வகுப்பில் முதலாவதாக வந்திருப்பாள். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொன்னால் எனக்கு லேசாக இருக்கும். உங்களை மன்னிக்க மாதாவிடம் கேட்கிறேன், இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுவேன்.

நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் பிள்ளை எப்படி என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அவளை நாங்கள் இருத்தி வைத்து எல்லாம் சொன்னோம். வீடு போனது, வாடகை, பள்ளிக்கூடம், ஏன் விட்டோம், எல்லாம். றஜீவன் அவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் முழுவதையும் கேட்டாள். "விளங்குது அப்பா" என்றாள். தகப்பனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குழப்படி இல்லை. காலையில் படுக்கையை உதறி மடித்து வைக்கிறாள். தன் கோப்பையைத் தானே கழுவுகிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு நல்ல பிள்ளை என்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் நான் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து நின்றாள். ஏதோ கதைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று கத்தியைக் கீழே வைத்தேன். "அம்மா, நான் கொஞ்சம் பால் எடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

ஆருஷ் கேட்பதில்லை. குளிர்பெட்டியைத் திறந்தபடி நின்று குடிப்பான், நான் ஏசுவேன். கையில் மீன் செதிலோடு திரும்பி, "இது உங்கட வீடு பிள்ளை, ஏன் கேக்கிறீங்கள்?" என்றேன். "ஓம் அம்மா" என்றாள்.

இன்று காலையும் கேட்டாள்.

ஜெசிந்தா